வாசற்படி முதல் பரிசோதனைக் கட்டில் வரை: மாற்றுத்திறனாளிகளும் பொது மருத்துவமும்

(சித்தையன்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மாற்றுத்திறனாளிகளின் உடல்நலம் என்று பேச்செடுத்தவுடன் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, இயன்முறை சிகிச்சை ஆகியவையே நினைவுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கால் செயலிழந்தவருக்கும் காய்ச்சல் வருகிறது, பல் வலிக்கிறது, வயது நாற்பதைத் தாண்டினால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பார்வையற்ற பெண் கருவுறுகிறார். காது கேளாத முதியவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைக்கிறது. ஊரார் அனைவருக்கும் வரும் இந்த நோய்களுக்கு ஊரார் அனைவரும் போகும் மருத்துவமனையில் இவர்களுக்கும் அதே சிகிச்சை கிடைக்கிறதா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. மாற்றுத்திறனாளியை நம் மருத்துவத் துறை நன்கு அறிந்திருப்பது சான்றிதழ் வாங்க வரும் நாளில்தான். மற்ற நாள்களில் அவர் அதன் கண்ணில் படுவது அரிது என்பதே இச்சொற்பொழிவின் மையக் கருத்து.

இங்குப் பயன்படுத்தப்படும் இரு சொற்களை முதலில் விளக்கிக்கொள்வது நல்லது. ‘அணுகல்தன்மை’ என்பது ஓர் இடத்தையோ ஊர்தியையோ தகவலையோ சேவையையோ ஒருவர் பிறர் தூக்கிவிடாமலும் பிறரிடம் கெஞ்சாமலும் தாமே பயன்படுத்தக்கூடிய நிலை. ‘நலவாழ்வில் உள்ளடக்கம்’ என்பது பொதுமக்களுக்கென வகுக்கப்படும் ஒவ்வொரு மருத்துவத் திட்டமும், தடுப்பூசி முதல் புற்றுநோய்ப் பரிசோதனை வரை, தொடக்கத்திலேயே மாற்றுத்திறனாளிகளையும் கணக்கில் கொண்டு வகுக்கப்படுவது. முன்னது கட்டடத்தையும் கருவியையும் சார்ந்தது, பின்னது திட்டமிடும் மனத்தைச் சார்ந்தது என்று பிரித்துச் சொல்லலாமென்றாலும், நோயாளியின் அனுபவத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

சித்தையன்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், காமராசர் அணையை அடுத்த சமவெளியில் அமைந்த ஒரு பேரூராட்சி. நகரம் என்று சொல்லிவிட முடியாத, சிற்றூர் என்றும் ஒதுக்கிவிட முடியாத இத்தகைய ஊர்களில் தமிழ்நாட்டு மக்களில் பலர் வாழ்கின்றனர். சிறு நோய்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் கிளினிக்கோ போதுமானவை. ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, சிறப்பு மருத்துவரின் ஆலோசனை என்று வரும்போது பேருந்தேறித் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கோ, அங்கும் முடியாதபோது மதுரைக்கோ போக வேண்டும். திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது இவ்வட்டாரத்துக்கு ஒரு பெரும் பேறு. மருத்துவம் அருகில் வந்துகொண்டிருக்கிறது. அந்த அருகாமை எல்லோருக்கும் ஒரே அளவுடையதா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வட்டாரத்துக்கு இந்த வினா புதியதன்று என்பதற்கு வரலாறே சான்று. டி. எஸ். சௌந்திரம் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவமனையை நோக்கிக் கிராமத்துப் பெண்கள் வரவில்லையானால் கிராமத்துப் பெண்களை நோக்கி மருத்துவம் போக வேண்டும் என்பதே சௌந்திரத்தின் வழியாக இருந்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதே ஆத்தூர்த் தொகுதியிலிருந்துதான். பின்னர் 1959இல் ஆத்தூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு காந்திகிராமம் ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்ப நலத்துக்குமான நிறுவனம் அங்கேயே எழுந்தது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பேசியும், ஊரில் செல்வாக்குள்ளவர்களைத் துணைக்கு அழைத்தும், குடும்பக் கட்டுப்பாட்டையும் தாய்சேய் நலத்தையும் மக்களிடம் கொண்டுசேர்த்த அந்த முயற்சி, ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயரில் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்களாலும் கற்றுக்கொள்ளப்பட்டது. மருத்துவம் தோற்பது மருத்துவரின் அறையில் மட்டுமன்று, வீட்டுக்கும் அந்த அறைக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் அது பெரும்பாலும் தோற்கிறது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண் கண்டுகொண்டது. அதே உண்மையை மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்திப் பார்ப்பது மட்டுமே எஞ்சியிருக்கும் பணி.

அவர்கள் எத்தனை பேர் என்னும் கணக்கே முதல் தடை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர், 1.64 விழுக்காட்டினர். உலக நலவாழ்வு நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையோ உலகில் 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறைபாட்டோடு வாழ்வதாகச் சொல்கிறது. இந்தப் பெரிய இடைவெளி உருவாவது கேள்வி கேட்கும் முறையால். வீட்டு வாசலில் நின்று ‘இந்த வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா’ என்று கேட்டால், திருமண வயதில் பெண் இருக்கும் வீடும், மனநோயாளி இருக்கும் வீடும் இல்லை என்றே சொல்லும். முழங்கால் தேய்ந்து படியேற முடியாத பாட்டியும், சர்க்கரையால் பார்வை மங்கிய தாத்தாவும் தங்களை அவ்வாறு எண்ணிக்கொள்வதே இல்லை. மாறாக, ‘நடப்பதிலோ படியேறுவதிலோ சிரமம் உண்டா, கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா, குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் சிரமம் உண்டா’ என்று செயலைக் குறித்துக் கேட்டால் விடைகள் மாறுகின்றன. பல நாடுகளில் இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கும் இந்த முறையில், எண்ணப்படுவது மனிதரின் குறை அன்று, அவர் எதிர்கொள்ளும் தடை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அதே 2022 அறிக்கை, மாற்றுத்திறனாளிகளுள் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறப்பதாகவும், மனச்சோர்வு, ஆஸ்துமா, சர்க்கரை நோய், பக்கவாதம், பல்நோய் போன்றவை இவர்களுக்கு வரும் வாய்ப்பு இருமடங்கு வரை இருப்பதாகவும் பதிவு செய்கிறது. இந்த முன்னிறப்பிற்கு உடற்குறைபாடு ஒன்றே காரணம் என்று நினைப்பது பிழை. தடுக்கக்கூடிய நோய் தடுக்கப்படாமலும், தொடக்கத்தில் கண்டறியக்கூடியது முற்றிய பின்பு கண்டறியப்பட்டும், நடுவழியில் சிகிச்சை கைவிடப்பட்டும் ஏற்படும் இழப்புகளே இதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

தண்டுவடக் காயம் இதைத் தெளிவாகக் காட்டும். தென்னந்தோப்புகள் நிறைந்த வட்டாரங்களில் மரத்திலிருந்து விழுந்தோ கிணற்றில் தவறியோ சாலை விபத்திலோ தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்த இளைஞர்கள் இருப்பார்கள். முதல் அறுவைச் சிகிச்சையில் உயிர் பிழைத்துவிட்ட அவர்களில் பலர் சில ஆண்டுகளில் இறப்பது முறிந்த எலும்பால் அன்று. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும். உணர்வற்ற பகுதியில் எலும்புக்கும் பாயின் பரப்புக்கும் இடையே தோல் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படும்போது வலி என்னும் எச்சரிக்கை எழுவதில்லை. அதனால் புண் எலும்புவரை ஆழ்ந்த பிறகே பிறர் கண்ணில் படுகிறது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், சக்கர நாற்காலியில் இருப்பவர் அரைமணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்வதும், தினமும் கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்த்துக்கொள்வதும், தூய்மையான குழாய் கொண்டு குறித்த நேரங்களில் சிறுநீரை வெளியேற்றுவதும் இதைத் தடுத்துவிடும். இவை எவற்றுக்கும் பெரிய செலவில்லை. வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும், மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஒருவரும் போதும். தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் உரிய காலத்துக்கு முன் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் கூறியது. அதைப் படிப்பவர் எவருக்கும், ஒரு கண்ணாடியும் ஒரு செவிலியரும் இல்லாமையால் உயிர்கள் போகின்றனவே என்னும் வருத்தம் மேலிடாமல் இராது.

வீட்டிலிருந்து மருத்துவரிடம் போகும் வழியை இனி ஒவ்வொரு படியாக நோக்கலாம். முதல் தடை வாசலில். மழைநீர் புகாதிருக்க உயர்த்திக் கட்டப்பட்ட திண்ணையும் அதற்கு மூன்று படிகளும், படி முடிந்த இடத்தில் மூடியில்லாத சாக்கடையும் நம் தெருக்களின் பொது அமைப்பு. அடுத்தது பேருந்து. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்னும் சலுகை 2021 முதல் நடைமுறையில் உள்ளது, வரவேற்கத்தக்க சலுகை. ஆனால் டவுன் பஸ்ஸின் முதற்படியே முழங்காலுக்கு மேலிருக்கையில், இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்தவருக்கு இலவசச் சீட்டு எட்டுகிறது, பேருந்து எட்டுவதில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் உயரத்திலேயே தளம் அமைந்து, நிறுத்தத்தில் ஒருபுறம் சாய்ந்துகொடுத்து, சாய்பலகையும் விரித்துத்தரும் தாழ்தளப் பேருந்துகள், நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பிறகு 2024இல் சென்னையில் மீண்டும் ஓடத் தொடங்கின. மாவட்டத்து ஊர்களுக்கு அவை வரும் நாள் இன்னும் தொலைவில் இருக்கிறது. எனவே ஆட்டோ பிடிக்க வேண்டும். போகவர ஆகும் வாடகை, உடன் வருபவர் இழக்கும் ஒருநாள் கூலி, இரண்டையும் கூட்டினால் இலவச மருத்துவம் இலவசமாக இருப்பதில்லை. போக்குவரத்தின் தடை மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைவிட 15 மடங்கு கடினமாக இருப்பதாக முன்சொன்ன 2022 அறிக்கை குறிப்பிடுவதை இவ்வட்டாரத்தார் எவரும் மிகை என்று சொல்லமாட்டார்கள்.

மருத்துவமனை வாசலில் சாய்தளம் இருக்கிறது. சாய்தளம் இருப்பது வேறு, பயன்படுவது வேறு. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது ஏற்கப்பட்ட விகிதம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாகச் சாய்தளம் அமைக்க வேண்டுமானால் அது குறைந்தது 5.4 மீட்டர் நீள வேண்டும், இருபுறமும் கைப்பிடி வேண்டும், மேலே நாற்காலியைத் திருப்பிக்கொள்ளச் சமதளம் வேண்டும். இடமில்லை என்று சொல்லி இரண்டு மீட்டரில் முடிக்கப்பட்ட செங்குத்தான சாய்தளங்களைப் பல பொதுக்கட்டடங்களில் காணலாம்; அவற்றில் சக்கர நாற்காலியில் தனியே ஏறுவது முடியாத செயல், இறங்குவது ஆபத்து. அவற்றின் அடியில் இருசக்கர வாகனங்களை நிறுத்திவைக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், ஆய்வுப் படிவத்தில் ‘சாய்தளம்: உண்டு’ என்று எழுதப்படுவதன் பொருள் விளங்கும்.

உள்ளே போனால் டோக்கன். எண்ணைக் குரலில் மட்டும் அழைத்தால் காது கேளாதவர் தம் முறையை இழக்கிறார். பலகையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவர் இழக்கிறார். குரலும் பலகையும் ஒருங்கே இயங்கினால் இருவர் சிக்கலும் தீர்வதோடு, எழுதப்படிக்கத் தெரியாதவரும் கூட்டத்தின் இரைச்சலில் கேட்க இயலாதவரும் பயன்பெறுவர். மாற்றுத்திறனாளிக்கென்று செய்யப்படுவது பலருக்கும் உதவும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இறுதியாகப் பரிசோதனைக் கட்டில். இச்சொற்பொழிவின் தலைப்பில் அது இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. வழக்கமான கட்டிலின் உயரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியின் இருக்கை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். இடையிலுள்ள 30 சென்டிமீட்டரைக் கடக்க இருவர் தூக்க வேண்டும். ஆள் இல்லை, நேரம் இல்லை, பின்னால் வரிசை நீள்கிறது. ஆகவே நோயாளி நாற்காலியில் அமர்ந்தபடியே இருக்க, மருத்துவர் பார்த்துவிட்டு மருந்தெழுதி அனுப்பிவிடுகிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, முதுகுத் தோலைப் பார்க்கவில்லை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யவில்லை. எடைபார்க்கும் கருவி நிற்பவர்களுக்கானது என்பதால் எடையும் பார்க்கப்படுவதில்லை. பல மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்தே கணிக்கப்படுகிறது என்பது மருத்துவ மாணவரும் அறிந்த செய்தி. ஐந்து தடைகளைக் கடந்து வந்தவர் ஆறாவதில், மருத்துவரின் கைக்கெட்டும் தூரத்தில், சிகிச்சையை இழக்கிறார். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு கட்டிலும், நாற்காலியோடு ஏற்றி எடைபார்க்கும் ஒரு மேடையும் இந்நிலையை மாற்றும். கோடிக்கணக்கில் செலவிட்டு எழுப்பப்படும் மருத்துவமனைக் கட்டடங்களின் கொள்முதல் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெறாமல் போவதை மன்னிக்க முடியாது.

கருவிகள் எல்லாம் இருந்தும் பேச்சு பொருந்தாவிட்டால் பயனில்லை. சக்கர நாற்காலியில் வந்திருப்பவரை விட்டுவிட்டு உடன் வந்தவரைப் பார்த்து, ‘இவருக்கு என்ன பண்ணுது?’ என்று கேட்கும் பழக்கம் நல்ல மருத்துவர்களிடமும் உண்டு. நோயாளிக்கு வாய் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. கால் இல்லாததால் அவருடைய சொல்லும் இல்லாததாகிவிடுகிறது. காது கேளாத பெண் பிரசவ அறையில் படும் துன்பம் இன்னும் கடியது: உடன் இருப்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார், செவிலியரின் உதடுகளை முகக்கவசம் மறைக்கிறது, எப்போது முக்க வேண்டும் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சைகையில் சொல்வதில்லை. பிரசவ அறைச் செவிலியர்களுக்கு இருபது முப்பது சைகைகளைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும். பார்வையற்றவருக்கோ சர்க்கரை மாத்திரை அட்டையும் பிரஷர் மாத்திரை அட்டையும் விரலுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெயில் புள்ளிகளில் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு ஆணையிலேயே விதிக்கப்பட்டது. இங்கு அதுவரை காத்திராமல், காலை மாத்திரை அட்டையின் ஒரு முனையை வெட்டித் தருவது, இரவு மாத்திரைக்கு இரப்பர் வளையம் போட்டுத் தருவது என்று மருந்தாளுநரே இன்றைக்கே செய்யக்கூடிய வழிகள் இருக்கின்றன.

மனநோயும் சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனே. அந்நோயாளிகள் மருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டதன் கொடிய விளைவைத் தமிழகம் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் கண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினர். மருத்துவர் கிடைக்காததாலும், கிடைத்த இடம் தொலைவில் இருந்ததாலும், ஊரார் பேச்சுக்கு அஞ்சியதாலும் குடும்பங்கள் அவர்களை அங்குக் கொண்டுபோய் விட்டிருந்தன. அந்த நிகழ்வு மாவட்ட மனநலத் திட்டத்தை விரைவுபடுத்தியது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கி, ஊர் ஊராக அனுப்பி, காணொளி வழியே மனநல மருத்துவரோடு பேசவைத்து, மருந்தையும் அங்கேயே வழங்கியது. ஆத்தூர் அனுபவத்தின் வழித்தோன்றல் என்றே இதைக் கருதலாம்.

இவ்வட்டாரத்தில் இப்போது ஐம்பதைத் தொடும் ஒரு தலைமுறை தனிக் கவனத்துக்குரியது. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி இந்திய நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014 மார்ச்சு 27இல் இந்தியா அந்நோயற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு முன், 1970களிலும் 80களிலும் குழந்தைகளாக இருந்து போலியோவால் கால் இழந்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சர்க்கரை மருத்துவர் அவர்களுக்கும் சொல்கிறார். நடக்க இயலாதவர் எப்படிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, கைகளுக்கான பயிற்சி என்ன, உணவின் அளவு என்ன என்று சொல்லும் துண்டறிக்கை எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஊன்றுகோலையே நம்பியிருந்த தோள்களும் மணிக்கட்டுகளும் தேய்ந்து, புதிய தளர்ச்சியும் வந்து சேரும் வேளையில், ‘பழைய போலியோதானே’ என்று அவர்கள் திருப்பியனுப்பப்படுகின்றனர். போலியோ ஒழிந்தது, போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள் ஒழிந்துவிடவில்லை.

சட்டம் இவை அனைத்தையும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1இல் ஏற்புறுதி செய்தது; அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆம் பிரிவு, ஊரகப் பகுதிகளில் அருகாமையிலேயே வருமான வரம்புக்குட்பட்டு இலவச மருத்துவமும், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலும், சிகிச்சையில் முன்னுரிமையும் வழங்கும் கடமையை அரசின்மீது மட்டுமன்றி உள்ளாட்சி அமைப்புகளின்மீதும் சுமத்துகிறது. பெண்களின் இனப்பெருக்க நலனை அச்சட்டம் தனியே குறிப்பிட்டு, ஒருவரது விருப்பார்ந்த, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் கருத்தடை செய்யலாகாது என்றும் விதிக்கிறது. குடும்ப நலத்துக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் இவ்விதியை ஒவ்வொரு செவிலியரும் அறிந்திருக்க வேண்டும். பழைய பொதுக்கட்டடங்களை மாற்றியமைக்க விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு காலக்கெடு தரப்பட்டது. 2017 ஜூனில் வெளியான அவ்விதிகளின்படி அது 2022 ஜூனில் முடிந்துவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள இராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அணுகல் குறித்த விதி வெறும் வழிகாட்டுதலாக எழுதப்பட்டிருப்பது சட்டத்துக்கே முரணானது என்று அதைச் செல்லாததாக்கி, கட்டாயமாகப் பின்பற்றத்தக்க விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. செய்தால் நல்லது என்று இருந்ததைச் செய்தே ஆக வேண்டும் என்று மாற்றிய தீர்ப்பு அது.

தமிழ்நாட்டு அரசின் முயற்சிகளில் இரண்டைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டிலேயே தருவதோடு, இயன்முறை சிகிச்சையாளரையும் நோய்த்தணிப்புச் செவிலியரையும் படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கு அனுப்புகிறது. உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்த தமிழ்நாடு உரிமைகள் திட்டம், வீடுவாரிக் கணக்கெடுப்பையும், ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் கொண்டு மறுவாழ்வுச் சேவைகளை ஊர்களுக்கு அருகே கொண்டுவர முனைகிறது. இரண்டும் பாராட்டுக்குரியன. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை: வீடு தேடி வரும் மருத்துவம் மருத்துவமனைக்குப் போகும் உரிமைக்கு ஈடாகாது. வீட்டுக்கு வரும் தன்னார்வலரால் ஸ்கேன் எடுக்க முடியாது, பல்லைப் பிடுங்க முடியாது, மார்பகக் கட்டியைக் கண்டறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது. ‘இவர்களுக்குத்தான் வீட்டிலேயே தருகிறோமே’ என்னும் எண்ணம் அதிகாரிகளிடம் வேரூன்றிவிட்டால், மருத்துவமனைப் படிகள் படிகளாகவே நிலைத்துவிடும்.

மருத்துவத்தைப் பெறுபவராக மட்டுமே மாற்றுத்திறனாளியைக் காணும் பார்வையையும் தமிழ்நாட்டு வரலாறு மறுக்கிறது. 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஜி. வெங்கடசாமி, தம் கைக்கேற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். ஓய்வுபெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரையால் பார்வை இழந்தவர் தாமாக மருத்துவமனைக்கு வரமாட்டார் என்பதை உணர்ந்து, முகாமிலிருந்து பேருந்திலேயே அழைத்துவந்து, அறுவைச் சிகிச்சையும் உணவும் தங்குமிடமும் தந்து, மீண்டும் ஊரில் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டை அவர் வகுத்தார். வழிச்செலவு சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட அந்த ஏற்பாட்டைப் பிற மருத்துவத் துறைகளும் பின்பற்றியிருக்க வேண்டும். நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு உண்டு என்னும் ஒரே காரணத்தால் மருத்துவப் படிப்பை மறுக்கலாகாது என்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், இவர்களைப் போன்றோர் இனி விதிவிலக்காக இல்லாமல் வகுப்புக்கொருவராக வருவர் என்று நம்ப இடமிருக்கிறது.

சித்தையன்கோட்டை போன்ற ஓர் ஊர் இவற்றுள் எதைத் தன் கையால் செய்ய முடியும்? 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத் திருத்தங்கள், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழி செய்துள்ளன. பேரூராட்சி ஒவ்வொன்றிலும் ஒருவர். தேர்தலில் நிற்கும் பணமும் ஆள்பலமும் இல்லாதவர்களின் குரல் மன்றத்துக்குள் ஒலிக்க இது முதல் வாயில். அந்த இருக்கை விழாக்களில் பொன்னாடை போர்த்துவதற்கான இருக்கையாகச் சுருங்கிவிடக் கூடாது. பேரூராட்சித் தலைவரும் செயல் அலுவலரும் மருத்துவ அலுவலரும் அந்த நியமன உறுப்பினரோடு, சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையின் தாய் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து சுகாதார நிலையத்தின் பரிசோதனைக் கட்டில் வரை ஒருமுறை போய்வர வேண்டும். எங்கே நிற்க நேர்கிறதோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதப்படும் பட்டியலில் சாக்கடை மூடி, சாய்தளத்தின் நீளம், கழிப்பறைக் கதவின் அகலம், கைப்பிடி, டோக்கன் பலகை, கட்டில், எடைமேடை என்று பேரூராட்சியின் ஓராண்டு நிதிக்குள்ளும், மருத்துவத் துறையின் ஓராண்டுக் கொள்முதலுக்குள்ளும் அடங்கிவிடும் பணிகளே பெரும்பாலும் இருக்கும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அப்பட்டியலின் முதல் ஐந்து பணிகளுக்கேனும் நிதி ஒதுக்கும்படி இவ்வூர் மக்கள் தங்கள் வார்டு உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.